அக்கரையில் பஸ், இக்கரையில் இல்லை: காவிரி டெல்டாவை இன்னும் முதல் வகையில் வைத்திருப்பது சரியா?

கொள்ளிடக்கரை | ஜூன் 26, 2021, காலை 7.10

நேற்றைய கொரோனா ஊரடங்கு நீட்டிப்பு அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஜூலை 5 காலை வரை. திங்கட்கிழமை முதல் 27 மாவட்டங்களில் பஸ் ஓடும், 11 மாவட்டங்களில் ஓடாது. மேற்கே கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி. இங்கே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. ஜூன் 7இல் தளர்வு தொடங்கியபோதும் இதே 11தான். 14ஆம் தேதியும் அப்படியே. 21இல் மூன்று வகையாகப் பிரித்தார்கள், நாம் தளர்வு குறைந்த முதல் வகை.

எனக்கு அணைக்கரைக்குப் பக்கத்து ஊர். பாலத்தைத் தாண்டி மீன்சுருட்டி போனால் அரியலூர் மாவட்டம், அங்கே திங்கட்கிழமை டவுன் பஸ் வந்துவிடும். இந்தக் கரையில் வராது. கிருமிக்கு கொள்ளிடம்தான் எல்லையா?

விவசாயத்துக்குத் தடையே இல்லை என்று மே மாதத்திலிருந்து சொல்கிறார்கள். தாளில் உண்மைதான். போர்வெல் தண்ணீரை நம்பி ஜூன் முதல் தேதி நாற்று விட்டேன். ஆறாம் நாள் மோட்டார் புகைந்துவிட்டது. காயில் கட்டுகிற கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் வீட்டுக் கொல்லையில், மாட்டுக்கொட்டகை விளக்கு வெளிச்சத்தில், இரவு 11 மணிக்குக் கட்டிக் கொடுத்தார். அவர் கை நடுங்கியது, போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று. பம்புசெட் பழுது பார்க்க 9 முதல் 2 மணி வரை கடை திறக்கலாம் என்று நம் மாவட்டத்துக்கு அனுமதி வந்தது ஜூன் 14இல்தான். அதற்குள் நாற்று கருகியிருக்கும்.

இப்போது நடவு. மேட்டூரை ஜூன் 12இலேயே திறந்துவிட்டார்கள், கல்லணை 16இல் திறந்தது. மண்ணியாற்றில் தண்ணீர் வந்தாயிற்று. நடவு ஆட்கள் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவிலிருந்து வரவேண்டும். முன்பெல்லாம் காலை 6 மணி டவுன் பஸ்ஸில் வருவார்கள். இப்போது ஒரு லோடு ஆட்டோவில் 22 பெண்கள். பின்னால் நின்றுகொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு வருகிறார்கள். தார்ப்பாய் எதற்கு? போலீஸ் கண்ணில் படாமல் இருக்க. பாதி இருக்கை நிரம்பிய பஸ் ஆபத்து, இது ஆபத்தில்லையா?

ஆரூர் செவிலி | காலை 9.42

அண்ணே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பஸ் விடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மே கடைசி வாரத்தில் எங்கள் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நின்றது. ஆக்சிஜன் படுக்கை ஒன்று காலியாக வேண்டும் என்றால் ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும், இல்லை இறக்கவேண்டும். இரண்டில் எது நடக்கிறது என்று வெளியே நிற்கிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒருநாள் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலைமுடியிலும் காது மடலிலும் நெல் சுணை அப்படியே ஒட்டியிருந்தது. நேராக வேலையிலிருந்து வந்திருக்கிறார். காய்ச்சல் வந்து ஆறு நாள், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சிப்பம் தூக்கியிருக்கிறார். ஆக்சிஜன் அளவு 74. மறுநாள் காலை அவர் இல்லை. கொள்முதல் நிலையம் ஊரடங்கிலும் திறந்திருந்த இடம். விவசாயம் என்று திறந்து வைத்த இடத்திலும் நோய் பரவியது, அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அரியலூருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்கிறீர்கள். மூச்சு திணறினால் அரியலூர்க்காரரும் தஞ்சாவூருக்குத்தான் ஓடி வருகிறார். சுற்று வட்டாரத்தில் பலர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைத்தான் கடைசியாக நம்பியிருக்கிறார்கள். இங்கே படுக்கை நிரம்பினால் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் சேர்ந்து சாகும்.

குடந்தை எண் | காலை 10.15

சென்னை ஐடி வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன், கும்பகோணம். ஓரவஞ்சனை என்று யாரும் நினைக்க வேண்டாம். சென்னையில் அலை முன்னாடி ஏறி முன்னாடி இறங்கியது. மேற்கிலும் நம் பக்கத்திலும் பின்னால் ஏறியதால் பின்னால்தான் இறங்குகிறது. மே 21இல் மாநிலம் முழுக்க ஒரே நாளில் 36,184 பேர். இன்று ஆறாயிரத்துக்குக் கீழே. அந்த மிச்சத்தில் பெரும்பங்கு இந்த 11 மாவட்டங்களில்தான்.

ஆனால் அண்ணன் சொல்வதில் ஒன்று சரி. மாவட்டம் என்பது ரொம்பப் பெரிய அளவுகோல். பேராவூரணியும் அணைக்கரையும் ஒரே மாவட்டம்தான், ஆனால் இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மருத்துவ அலுவலர் இருக்கிறார், அவரிடம் ஊர்வாரியாகக் கணக்கு இருக்கிறது. அதை வைத்துத் திறக்கலாமே.

ஆரூர் செவிலி | காலை 10.31

வட்டாரமாகப் பிரித்தால் திறந்த வட்டாரத்துக்கு மூடிய வட்டாரத்துக்காரர் எல்லாரும் பைக்கில் போவார்கள் தம்பி. டாஸ்மாக் இங்கே மூடியிருக்கிறது என்று பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்களே, அதேதான் நடக்கும்.

திருபுவனம் தறி | காலை 11.20

நீங்கள் எல்லாரும் நெல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். தறிக்கு ஊரடங்கு கிடையாது, வீட்டுக்குள்தானே இருக்கிறது. ஆனால் நெய்ததை வாங்க ஆள் இல்லை. மூன்று பட்டுப்புடவை முடித்து மடித்து வைத்திருக்கிறேன். பட்டு நூல் கடன். வைகாசி முகூர்த்தம் போயிற்று, ஆனியும் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் ஆடி, யார் கல்யாணம் வைப்பார்கள்? நிவாரணம் 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருளும் கிடைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த 4,000 நூல் கடன் வட்டிக்குக்கூடப் போதவில்லை.

கொள்ளிடக்கரை | மதியம் 1.05

வயலிலிருந்து இப்போதுதான் ஏறினேன்.

சகோதரி, அந்த மூட்டைக்காரரைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை. அவரைப் போன்றவர்கள்தான் எங்கள் நெல்லையும் எடை போட்டவர்கள்.

ஆனால் நாற்றுக்கு ஊரடங்கு தெரியாது. ஏடிடி 43 நாற்றை 25 நாளில் பறித்து நட்டாகவேண்டும். 30 தாண்டினால் தூர் கட்டாது. இன்றோடு 26 நாள். இரண்டு மா (மூன்று மா ஒரு ஏக்கர்) நட்டிருக்கிறேன், ஐந்து மா பாக்கி. தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போய் ஐப்பசி மழையில் மாட்டும், நனைந்த நெல்லைக் கொள்முதலில் எடுக்கமாட்டார்கள். வேலை நிற்காது என்று அரசுக்கே தெரியும், தெரிந்துதானே ஆற்றைத் திறந்தார்கள். வேலையைத் திறந்துவிட்டு வேலைக்கு வரும் வழியை மட்டும் மூடினால், ஆட்கள் வராமல் இருக்கமாட்டார்கள். தார்ப்பாய்க்கு அடியில் வருவார்கள்.

இன்னொன்று. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் என்று மே 8 முதல் கொடுத்தார்கள், எங்கள் தெருப் பெண்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. 10ஆம் தேதி முழு ஊரடங்கு. இரண்டே நாள். இப்போது லோடு ஆட்டோவுக்கு ஆளுக்கு 40 ரூபாய் கூலியிலிருந்து போகிறது. சென்னைப் பெண்கள் 21ஆம் தேதியிலிருந்து பஸ்ஸில் போகிறார்கள், நல்லா இருக்கட்டும். நடவுப் பெண்ணுக்கு ஏன் இல்லை?

ஆரூர் செவிலி | மதியம் 2.50

அந்த 22 பேரில் எத்தனை பேர் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள்?

கொள்ளிடக்கரை | மதியம் 3.02

இரண்டு பேர்.

மன்னை வாத்தியார் | மதியம் 3.30

ஒரு வாரம் பொறுக்க முடியாதா? ஜூலை 5 என்ன நூறு வருடம் தள்ளியா இருக்கிறது? என் அண்ணனை மே 29இல் இழந்தேன். இறுதிச் சடங்குக்கு நான்கு பேர். இன்னும் ஒரு வாரம் பஸ் இல்லாவிட்டால் யாரும் சாகப்போவதில்லை, பஸ் விட்டால் சாகலாம். இதில் பேச என்ன இருக்கிறது?

குடந்தை எண் | மதியம் 3.44

ஐயா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் ஒரு வாரம் ஒரு வாரம் என்றுதான் ஜூன் 7இலிருந்து நீள்கிறது. என்ன அளவுக்கு இறங்கினால் அடுத்த வகைக்கு மாற்றுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஊரே அந்த அளவை நோக்கிக் கட்டுப்பாட்டோடு இருக்கும். எப்போது என்று தெரியாமல் காத்திருப்பதுதான் மக்களை விதி மீற வைக்கிறது.

ஆரூர் செவிலி | மாலை 5.15

டூட்டி முடிந்தது. யோசித்துப் பார்த்தேன் அண்ணே. 22 பேர் தார்ப்பாய்க்கு அடியில், அதில் 20 பேர் ஊசி போடாதவர்கள். எங்கள் வார்டுக்கு அடுத்து வரப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று தோன்றியது. பஸ்ஸை மொத்தமாக விடுவதற்கு இப்போதும் நான் எதிர்ப்பு. கடைத்தெருவுக்கும் விசேஷத்துக்கும் அலைகிற கூட்டம் மறுநாளே ஏறிவிடும். ஆனால் காலை 6 மணிக்கு ஒரு நடை, மதியம் 2 மணிக்கு ஒரு நடை, நடவு ஆட்களுக்கு மட்டும், பாதி இருக்கை என்று ஊராட்சி வழியாகக் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். எழுதித் தர நான் உதவுகிறேன். நோய் எப்படிப் பரவும் என்று அதில் நான் எழுதுகிறேன், நாற்றுக்கு எத்தனை நாள் என்று நீங்கள் எழுதுங்கள்.

அதுவரை ஒரே ஆட்டோவில் ஏற்றாதீர்கள். தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். காற்று போகட்டும்.

கொள்ளிடக்கரை | இரவு 8.20

பக்கத்து வயல்காரரிடம் பேசிவிட்டேன். அவர் நடவும் எங்கள் நடவும் ஒரே நாளில் வைக்காமல் மாற்றிக்கொள்கிறோம். 11 பேராக இரண்டு நடை, கூடுதல் வாடகை எங்கள் இருவர் பொறுப்பு. முதல் நடை 5 மணிக்கே கிளம்பவேண்டும். தார்ப்பாயை எடுக்க டிரைவர் இன்னும் சம்மதிக்கவில்லை, போலீஸ் நிறுத்தினால் அபராதம் யார் கட்டுவது என்கிறார். நான் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊசி பற்றிக் கேட்டேன். போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் வரும், நடவுக் கூலி போய்விடும் என்கிறார்கள். நட்டு முடித்த மறுநாள் முகாம் வைத்தால் வருவார்கள், அந்த இரண்டு நாள் கூலியை நான் தருகிறேன். எந்த நாள் மருந்து வரும் என்று விசாரித்துச் சொல்லுங்கள் சகோதரி.

திருபுவனம் தறி | இரவு 8.47

சரி. அந்த மனுவில் எங்களுக்கும் ஒரு வரி சேர்ப்பீர்களா? கடையைத் திறக்கக் கேட்கவில்லை. கூட்டுறவுச் சங்கம் வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து புடவையை எடுத்துக்கொண்டால் போதும்.

ஆரூர் செவிலி | இரவு 9.05

சேர்க்கலாம் அண்ணே. எத்தனை வீடு, எத்தனை புடவை தேங்கியிருக்கிறது என்று எண்ணி அனுப்புங்கள்.