சத்துமாவு ஆய்வு: பதிவுகளைப் பிரிக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் வீட்டிலிருந்தே சத்துமாவு அரைத்து விற்கிறேன். வாங்குகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தால் எல்லோரும் "நல்லா இருக்குங்க" என்றுதான் எழுதுகிறார்கள். அதனால் நான் உறுப்பினராக இருக்கும் தாய்மார்கள் குழுவில் ஆறு மாதப் பேச்சை உட்கார்ந்து படித்தேன்.

ஒரு அம்மா எழுதியிருந்தார்: குழந்தை இடுப்பில், ஒரு கைதான் காலி, மாவு கட்டி தட்டுகிறது, கிண்டுவதற்குள் பால் பொங்கிவிடுகிறது. அன்றைக்கு அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நான் ருசியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கையால் கரைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்படி இணையக் குழுவின் பேச்சைப் படித்து ஆராயும் முறைக்கு நெட்னோகிராஃபி என்று பெயராம். சந்தையியல் பேராசிரியர் ராபர்ட் கோசினெட்ஸ் 1990களில் வகுத்தது. காபிப் பிரியர்களின் இணையப் பேச்சை வைத்து அவர் எழுதிய கட்டுரை 2002இல் வந்தது. கண்டுபிடித்ததை அந்தக் குழுவினரிடமே காட்டிச் சரிபார்க்கச் சொல்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது அந்தத் தாய்மார்கள் குழுவில் வந்த 340 பதில்களை எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டு. ஒரே பதிலில் விலை, செரிமானம், மாமியாரின் கருத்து மூன்றும் இருந்தால் எப்படிப் பிரிப்பது? யாராவது செய்திருந்தால் ஒரு மாதிரி காட்டுங்கள்.

இன்னொன்று. மூடிய குழு அது. அட்மினிடம் மட்டும் அனுமதி கேட்டால் போதுமா, எழுதிய ஒவ்வொரு அம்மாவிடமும் கேட்க வேண்டுமா? கேட்காமல் ஒரு வரியைக்கூட வெளியே எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.