மறைமுக அதிகாரம் பற்றி என்ன படிக்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. ஓட்டு வாங்கி வருபவர்களைத் தாண்டி அரசை உண்மையில் யார் நடத்துகிறார்கள் என்று ஆதாரத்தோடு எழுதியவர்களைத் தேடிப் படிக்கிறேன். அமெரிக்காவைப் பற்றி ஓரளவு கிடைத்துவிட்டது. 1956-லேயே அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ், பெருநிறுவனம், ராணுவம், அரசியல் மூன்றின் உச்சியிலும் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பின்னிக்கிடப்பதைக் காட்டினார். 2014-ல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மைக்கேல் கிளென்னன் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: சதியே தேவையில்லை, அதிபர் மாறினாலும் பாதுகாப்புத் துறை மேலதிகாரிகள் பெரும்பாலும் மாறுவதில்லை, கொள்கையும் அப்படியே தொடர்கிறது.

நான் திணறுவது துருக்கியிலும் இத்தாலியிலும். துருக்கியில் 1996 நவம்பரில் சுசுர்லுக் என்ற ஊர் அருகே ஒரு மெர்சிடிஸ் கார் லாரியில் மோதியது. உள்ளே ஓர் உயர் போலீஸ் அதிகாரி, ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், கூடவே கொலை வழக்குகளில் தேடப்பட்ட ஒருவர், அதுவும் வேறு பெயரில் அரசு ஆவணங்களோடு! இத்தாலியில் 1990-ல் பிரதமர் அந்திரேயொட்டியே கிளாடியோ என்ற பனிப்போர் கால ரகசியப் படை இருந்ததை ஒப்புக்கொண்டார். இந்த இரண்டையும் பற்றி நீதிமன்றப் பதிவுகள், நாடாளுமன்ற விசாரணை அறிக்கைகளை வைத்து எழுதிய நல்ல புத்தகம் தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, ஆங்கிலமும் பரவாயில்லை. உலகத்தையே நாலு குடும்பம் ஆள்கிறது வகையறா மட்டும் வேண்டாம்.