மூன்று முறை ஓய்வு பெற்ற கேட்டலினா பொனோர்: நேரில் கண்டவர்களின் பகிர்வு

நேரில் காணக் கிடைத்த விளையாட்டு வீரர்களைப் பற்றி உறுப்பினர்கள் எழுதி வருகிறீர்கள். கிரிக்கெட் வீரர்களே அதிகம் இடம்பெற்றுள்ள இந்த வரிசையில், ருமேனியாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கேட்டலினா பொனோரைப் பற்றி எழுத விரும்புகிறேன். 2017 ஏப்ரலில் அந்நாட்டின் க்ளூஜ்-நபோக்கா நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தபோது நான் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் நான் பேசியதில்லை; கையெழுத்தும் வாங்கவில்லை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அவருடைய பேலன்ஸ் பீம் (குறுகிய சட்டத்தின் மீது செய்யும் பயிற்சி) இறுதிச் சுற்றைக் கண்டேன், அவ்வளவே. ஆயினும், ஓய்வு பெற்ற பின் திரும்பி வரும் வீரர்களைப் பற்றி எனக்கிருந்த எண்ணத்தை அந்த ஒரு மாலை முற்றாக மாற்றியது.

கருங்கடல் துறைமுக நகரமான கொன்ஸ்டான்ட்சாவில் 1987 ஆகஸ்ட் 20 அன்று பிறந்தவர் பொனோர். 2003இல் அனாஹைமில் நடந்த உலகப் போட்டியில் அணி, பீம், தரைப் பயிற்சி ஆகிய மூன்றிலும் வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதே மூன்றும் தங்கமாயின. அணித் தங்கம் கிடைத்தபோது அவருக்குப் பதினாறு வயது. அடுத்த சில நாட்களில் பதினேழு நிறைந்தது. ஆகஸ்ட் 23 அன்று பீமிலும் தரைப் பயிற்சியிலும் ஒரே நாளில் இரண்டு தங்கங்களை வென்றார். ஒக்டாவியன் பெல்லுவும் மரியானா பிதாங்கும் பயிற்றுவித்த அந்த அணியில், மோனிகா ரோஷு, ஓடிவந்து தாண்டும் வால்ட்டில் தங்கம் வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும். ருமேனியப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் எட்டிய கடைசிச் சிகரம் என்று அந்த ஏதென்ஸ் வாரத்தைச் சொன்னால் மிகையாகாது. ஒலிம்பிக்கில் அவர்களுக்கு அணித் தங்கம் அதன் பின் இன்றுவரை கிடைக்கவில்லை.

2007இல், இருபது வயதில், அவர் முதன்முறையாக விலகினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் இல்லை. 2010, 2011 உலகப் போட்டிகள் இரண்டிலும் ருமேனிய அணி நான்காம் இடத்தோடு நின்றது. 2011இல் அவர் திரும்பி வந்தபோது நடப்பில் இருந்தது, 2006இல் மாற்றப்பட்ட மதிப்பெண் முறை. ஏதென்ஸில் பத்துதான் உச்சம். புதிய முறையிலோ கடினத்தன்மைக்கு உச்சவரம்பற்ற ஒரு மதிப்பெண்ணும், செய்நேர்த்திக்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணும் தரப்பட்டன. எந்த அசைவை எதனோடு இடைவெளியின்றி இணைத்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும், எங்கே ஒரு நொடி தயங்கினால் அந்த இணைப்பு கணக்கில் சேராமல் போகும் என்பதையெல்லாம் மனத்தில் கொண்டு, இந்த விளையாட்டில் பலர் விலகிவிடும் வயதில், அவர் லண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்றார். அணிக்கு வெண்கலம் கிடைத்தது; தரைப் பயிற்சியில் அவர் வெள்ளி வென்றார். பிறகு மீண்டும் விலகினார்.

அவருடைய மூன்றாவது வருகையைத்தான் பலர் பதக்க ஆசை என்று எழுதினார்கள். அது எனக்கு ஏற்புடையதன்று. 1976 முதல் 2012 வரை நடந்த பத்து ஒலிம்பிக் போட்டிகளிலும் ருமேனியப் பெண்கள் அணி ஏதேனும் ஒரு பதக்கத்துடனேயே திரும்பியிருந்தது. 2016 ஏப்ரலில், ரியோவில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வர முடியாமல் அந்தத் தொடர் அறுந்தது. நாடு முழுமைக்கும் ஒரே ஒரு பெண்ணை மட்டுமே அனுப்ப முடியும் என்ற நிலையில் அந்த இடம் பொனோருக்கு வழங்கப்பட்டது. தொடக்க விழாவில் ருமேனியக் கொடியை ஏந்தி வந்தவரும் அவரே. பீம் இறுதிச் சுற்றில் ஏழாம் இடம் பெற்றார். பதக்கப் பட்டியலில் இதற்கு இடமில்லை. எனினும் ஏதென்ஸில் அணியோடு நின்று தங்கம் வாங்கியவர், அணியே இல்லாத நாளில் தனியாக வந்து நின்றதை அந்த நாட்டு மக்கள் மறக்கவில்லை என்பதை க்ளூஜ் அரங்கில் கண்கூடாகக் கண்டேன்.

பீம் என்பது ஐந்து மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சட்டம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கும். தொலைக்காட்சியில் கேமரா அருகே சென்றுவிடுவதால் அதன் குறுகல் நமக்கு உறைப்பதில்லை. அரங்கின் மேல் வரிசையிலிருந்து பார்க்கும்போது அது ஒரு கோடாகத்தான் தெரிந்தது. சில வீராங்கனைகள் தங்கள் முறை வந்ததும் சுண்ணப்பொடியால் சட்டத்தின் மீது ஓர் அடையாளம் இடுவார்கள். தொடர் பல்டியை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கான குறி அது. பொனோரின் பெயர் அறிவிக்கப்பட்டதும் அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. அவர் சட்டத்தின் மீது ஏறிய கணத்தில் அத்தனை பேரும் தாமாகவே அமைதியானார்கள். பின்னோக்கிய பல்டிகளை முடித்து அவர் நின்றபோது, பாதம் சட்டத்தைப் பற்றிக்கொண்டதைப் போல முழங்கால் சிறிதும் நடுங்காமல் நின்றார். பதின்ம வயதினர் வேகத்தால் மறைக்கும் இடங்களில் இவர் நிதானித்தார். என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய பெண்மணி ஒருவர், அவர் இறங்கித் தரையில் நிலைகொள்ளும்வரை என் முன்கையைப் பிடித்திருந்தார். அவர் என்னை அறிந்தவரும் அல்லர்.

தங்கம் பொனோருக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 29. இதே பீமில் அவர் முதன்முதலில் ஐரோப்பியத் தங்கம் வென்றது 2004இல், ஆம்ஸ்டர்டாமில். அந்த முதல் தங்கத்துக்கும் இதற்கும் பதின்மூன்று ஆண்டு இடைவெளி, நடுவே இரண்டு ஓய்வுகள். 2017 அக்டோபரில் மாண்ட்ரியலில் நடந்த உலகப் போட்டியோடு அவர் இறுதியாக விலகினார். ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 1976 ஒலிம்பிக்கில் முழுப் பத்து மதிப்பெண் பெற்ற நகரம் அது.

ஏதென்ஸின் மூன்று தங்கங்களைவிட, ரியோவின் ஏழாம் இடத்தையும் க்ளூஜின் தங்கத்தையும் நான் பெரிதாக மதிக்கிறேன். முன்னவை ஒரு வலுவான அமைப்பின் துணையோடு வந்தவை. பின்னவை, அந்த அமைப்பு தளர்ந்துபோன பின் வந்தவை.

* * *

லண்டனிலிருந்து மற்றோர் உறுப்பினரின் மறுமொழி

தங்கள் பதிவில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோன லண்டன் நாளை நான் நேரில் கண்டேன் என்பதால் இதைச் சேர்க்கிறேன். 2012 ஆகஸ்ட் 7 அன்று நார்த் கிரீன்விச் அரங்கில் பீம் இறுதிச் சுற்று முடிந்தபோது டெங் லின்லின், சுய் லூ ஆகிய சீன வீராங்கனைகளுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் பொனோரின் பெயரே பலகையில் இருந்தது. அமெரிக்காவின் அலி ரைஸ்மன் நான்காவதாக இருந்தார். அமெரிக்கத் தரப்பு அவருடைய கடினத்தன்மை மதிப்பெண்ணை எதிர்த்து முறையிட்டது. ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு கூட்டப்பட்டது, இருவரும் 15.066 என்று சமமானார்கள். சமநிலை ஏற்பட்டால் செய்நேர்த்தி மதிப்பெண் கூடுதலாக உள்ளவரே முன்னிலை பெறுவார் என்ற விதியின்படி வெண்கலம் ரைஸ்மனுக்குச் சென்றது.

ரைஸ்மன் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. சில நாட்களுக்கு முன், எல்லாப் பிரிவு மதிப்பெண்களையும் கூட்டிப் பார்க்கும் ஒட்டுமொத்தப் போட்டியில் ரஷ்யாவின் முஸ்தஃபினாவோடு சமமாகி, வேறொரு சமநிலை விதியால் அவரும் ஒரு வெண்கலத்தை இழந்திருந்தார். என்னை வருத்தியது வேறு. ரைஸ்மனின் பயிற்சியாளர் மிஹாய் பிரெஸ்தியான் ருமேனியாவில் பிறந்தவர். அமெரிக்க அணியின் ஒருங்கிணைப்பாளராக இருந்த மார்த்தா கரோலி, நாடியாவின் காலத்தில் ருமேனிய அணியைப் பயிற்றுவித்தவர். ருமேனியா தன் பயிற்சியாளர்களை இழந்ததன் விலையை, அந்த ஒரு முறையீட்டில் பொனோர் செலுத்தியதாகவே எனக்குத் தோன்றியது.

அடுத்து ஆடவரின் உயர்கம்பி இறுதிச் சுற்று நடந்தது. அதன் பிறகு தரைப் பயிற்சி. கைக்கு வந்த பதக்கம் போன சிறிது நேரத்திலேயே பொனோர் களமிறங்கி 15.200 பெற்றார். முதலிடம் மீண்டும் ரைஸ்மனுக்கே. ஆனால் இம்முறை பொனோரின் வெள்ளியை எந்த முறையீடும் அசைக்கவில்லை. ரியோவையும் க்ளூஜையும் ஏதென்ஸுக்கு மேலாக வைத்த தங்கள் வரிசையில், லண்டனின் அந்த இரண்டாம் இறுதிச் சுற்றுக்கும் இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.