ஃப்ரீமான்டில் இருந்துகொண்டு கிளீவ்லாந்தில் வாடகை வீடு: கட்டுப்படி ஆகுமா?

ஃப்ரீமான்ட்வாசி:
வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்டில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு எச்1பி வேலை விசா, மனைவி வேலைக்குப் போகவில்லை, ஒரு சம்பளம்தான். இந்த ஊரில் சொந்த வீடு இப்போதைக்கு நடக்கிற காரியம் இல்லை, ஆனால் ஆறு வருடமாகச் சேர்த்த 95,000 டாலர் வங்கியில் சும்மா கிடக்கிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர் ஓஹையோவில் மூன்று வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார், அவரைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. கிளீவ்லாந்தில் 1925-ல் கட்டிய மூன்று பெட்ரூம் வீடு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன், படத்தில்தான் பார்த்தேன், நேரில் போகவில்லை. விலை 1,40,000.

என் கணக்கு இதுதான். 25 சதவீதம் கையிலிருந்து போட்டால் கடன் 1,05,000. வட்டி 7 சதவீதம், 30 வருடம், மாதத் தவணை 699. சொத்து வரி மாதம் 300, இன்ஷூரன்ஸ் 110. ஆக 1,109. வாடகை 1,450 வரும் என்று ஏஜென்ட் சொல்கிறார். மாதம் 341 மிஞ்சுகிறது. அதனால் இதே தெருவில் இன்னொன்றையும் சேர்த்து இரண்டாகவே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன், 70,000 போக 25,000 கையில் இருக்கும், பற்றாவிட்டால் திருச்சியில் இருந்து அப்பா கொஞ்சம் அனுப்புவார். சாதாரண வீட்டுக் கடனா, டிஎஸ்சிஆர் கடனா (வீட்டின் வாடகையை வைத்துக் கொடுக்கும் கடன்), எது நல்லது? இரண்டாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜெர்சிக்காரன்:
தம்பி, முதலில் அந்த 341-ஐ மறந்துவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜருக்கு வாடகையில் 10 சதவீதம், 145. வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 121. நூறு வயது வீட்டுக்கு ரிப்பேருக்கென்று இன்னொரு 10 சதவீதமாவது ஒதுக்க வேண்டும், அது 145. மூன்றையும் கழித்தால் மாதம் 70 டாலர் உங்கள் சம்பளத்தில் இருந்து போகும். புதுக் குடித்தனக்காரரைப் பிடித்துக் கொடுக்க மேனேஜர்கள் பாதி மாத வாடகையோ ஒரு மாத வாடகையோ தனியாக வாங்குவார்கள், அதை இதில் சேர்க்கவே இல்லை.

கடனைப் பற்றி. சாதாரண கடன் என்றால் உங்கள் சம்பளம், மற்ற கடன், கிரெடிட் ஸ்கோர் எல்லாம் பார்ப்பார்கள். ஃபேனி மே (வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் நிறுவனம்) விதிப்படி ஒரே குடும்பம் இருக்கும் வாடகை வீட்டுக்கு 15 சதவீதத்திலேயே தொடங்கலாம், ஆனால் 25 போட்டால் செலவும் வட்டியும் நன்றாகக் குறையும். டிஎஸ்சிஆர் கடனில் உங்கள் சம்பளத்தைக் கேட்கமாட்டார்கள், வாடகை தவணையைத் தாங்குமா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக்கு 1,450-ஐ 1,109-ஆல் வகுத்தால் 1.31, உடனே கொடுத்துவிடுவார்கள். மேனேஜரையும் ரிப்பேரையும் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை, அதனால் கடன் கிடைத்துவிட்டது, ஆகவே வீடு நல்ல வீடு என்று நினைக்காதீர்கள். வட்டி அதிகம், பெரும்பாலும் முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் உண்டு, முதல் வருடம் 5 சதவீதம், அப்புறம் 4, 3, 2, 1 என்று இறங்கும். இரண்டாவது வருடமே வட்டி குறைந்தால்கூட மாற்ற முடியாமல் கட்டிப்போட்டுவிடும். நிலையான சம்பளம் இருக்கும் உங்களுக்கு முதல் வீட்டுக்கு சாதாரண கடனே போதும். அப்பா பணத்தை நம்பாதீர்கள், ஃபேனி மே விதியில் முதலீட்டு வீட்டுக்கு அன்பளிப்புப் பணம் செல்லாது. தவணை, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்கான தொகை கையிருப்பில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வட்டி குறையும் என்று யாராவது “நீங்களே குடியிருக்கப் போவதாக எழுதுங்கள்” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அது மோசடிக் குற்றம்.

என் கதையையும் சொல்கிறேன். நான் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு 2016-ல் டாலஸுக்கு வடக்கே ஒரு வீடு வாங்கினேன். வாடகை மாதம் தவறாமல் வந்தது, மேனேஜர் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டும் வந்தது, பதினான்கு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஒரு தடவை வேறு வேலையாக டாலஸ் போனபோது குடித்தனக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன். பின்பக்கக் கதவு சட்டத்தில் சேரவே இல்லை, மேலே ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது. சமையலறை ஜன்னல் மூலையில் இருந்து உத்தரம் வரை சாய்வாக ஒரு விரிசல், பேனா மூடி உள்ளே போகும். அந்த அம்மா எட்டு மாதத்துக்கு முன்பே மேனேஜருக்குச் சொல்லியிருக்கிறார், போனில் தேதியோடு செய்தியைக் காட்டினார். அந்த ஊர்க் களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், மேலே இருக்கும் கான்கிரீட் தளம் அதோடு ஆடும். கோடையில் சுவரை ஒட்டிச் சொட்டுக் குழாய் போட்டு மண்ணை ஈரமாக வைத்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது. மேனேஜர் ஒருநாள்கூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஒரு வருட வாடகைக்கு மேல் அஸ்திவார வேலைக்கே போனது.

அதற்குப் பிறகு ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். 300 டாலருக்கு மேல் ரிப்பேர் என்றால் என்னைக் கேட்க வேண்டும், முன்னும் பின்னும் படம் வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவை உள்ளே போய் வீடியோ எடுக்க வேண்டும், பிடிக்காவிட்டால் 30 நாள் நோட்டீஸில் விலகலாம். இவ்வளவுக்கும் ஒத்துக்கொள்ளும் மேனேஜரை முதலில் பிடியுங்கள், அப்புறம் அவரையே கேளுங்கள், எந்தத் தெருவில் வீடு வாங்கலாம் என்று. நான் தலைகீழாகச் செய்தேன்.

ஓஹையோ அக்கா:
நான் கிளீவ்லாந்து கிழக்குப் புறநகரில் பதினைந்து வருடமாக இருக்கிறேன், பக்கத்திலேயே இரண்டு டபுள் வீடு (மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம்) வைத்திருக்கிறேன். படத்தை மட்டும் பார்த்து இந்த ஊரில் வீடு வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இங்கே தெருவுக்குத் தெரு நிலைமை மாறும், ஒரே தெருவிலேயே இந்த முனை ஒரு மாதிரி, அந்த முனை வேறு மாதிரி.

1925 வீடு என்கிறீர்கள். கிளீவ்லாந்து நகர எல்லைக்குள் 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விட ஈய அபாயம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும், 2019-ல் வந்த சட்டம். பழைய பெயின்ட் ஜன்னல் சட்டத்தில் உரசி உரசிப் பொடியாக உதிரும், தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். இதைச் செலவாகப் பார்க்காதீர்கள், அந்த வீட்டில் ஒரு குழந்தை வளரப்போகிறது. 2024 சட்டப்படி வெளியூர் உரிமையாளர் வீட்டுக்குப் பொறுப்பாக உள்ளூர் ஆள் ஒருவரை எழுதிக் கொடுக்க வேண்டும். கவுன்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாடகை வீடு என்று பதிய வேண்டும். இங்கே சில புறநகர்களில் விற்கும்போதே நகராட்சி வந்து சோதித்துக் குறைப் பட்டியல் கொடுக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஆகும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்வார்கள். சொத்து வரி 300 என்றது பழைய பில்லா என்றும் பாருங்கள். 2024 மறுமதிப்பீட்டில் இங்கே நிறைய வீடுகளின் மதிப்பு எகிறியது.

அப்புறம் சாக்கடைக் குழாய். வீட்டில் இருந்து தெரு வரை பழைய மண் குழாய்தான் இருக்கும், மேப்பிள் வேர் இணைப்பில் நுழைந்து உள்ளே நார்நாராக வளரும். போன வருடம் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்காக ஒரு வீடு பார்க்கப் போனேன், மேலே எல்லாம் புதுப் பெயின்ட், புது கவுன்டர். சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்ட ஆள் திரையைத் திருப்பிக் காட்டினார், குழாய் முழுக்கத் தேங்காய் நார் மாதிரி வேர். வாங்கவில்லை. சாதாரண இன்ஸ்பெக்‌ஷனில் இது வராது, தனியாகச் சில நூறு டாலர் கொடுத்துக் கேட்க வேண்டும்.

வரிக்கணக்கு:
வரி வேலை பார்ப்பவன் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். கட்டடத்தின் விலையை 27.5 வருடத்துக்குப் பிரித்துத் தேய்மானம் கழிக்கலாம், நிலத்துக்குக் கிடையாது. ஆனால் “வாடகை நஷ்டத்தைக் காட்டிச் சம்பள வரியைக் குறைக்கலாம்” என்று ஆபீஸில் சொல்வார்கள், அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். 25,000 டாலர் வரை கழிக்கும் சலுகை வருமானம் 1,00,000 தாண்டியதும் குறைய ஆரம்பித்து 1,50,000-ல் பூஜ்யமாகிவிடும். மீதி நஷ்டம் அழியாது, அடுத்தடுத்த வருடத்துக்குப் போகும், விற்கும்போது பயன்படும். விற்கும்போது கழித்த தேய்மானத்துக்கு 25 சதவீதம் வரை வரி உண்டு.

நீங்கள் கலிபோர்னியாவாசி, ஓஹையோ வாடகையையும் கலிபோர்னியாவில் காட்ட வேண்டும். லாபம் வந்தால் ஓஹையோவுக்கும், கிளீவ்லாந்து நகரத்துக்கும் (அங்கே 2.5 சதவீதம்) தனித்தனி வரி. எல்எல்சி (சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பாகத் தனி நிறுவனம்) வைத்து வாங்கச் சொல்வார்கள், வேறு மாநிலத்தில் பதிந்தாலும் ஃப்ரீமான்டில் உட்கார்ந்து நடத்தினால் கலிபோர்னியாவுக்கு வருடம் 800 டாலர். ஒரு வீட்டுக்கு அது கட்டுப்படி ஆகாது, நல்ல இன்ஷூரன்ஸோடு மேலே அம்ப்ரெல்லா பாலிசி (அந்த இன்ஷூரன்ஸ் வரம்பைத் தாண்டும் இழப்பீட்டுக்கு) எடுங்கள். எச்1பியில் வீடு வாங்கி வாடகைக்கு விடத் தடை இல்லை, ஆனால் வீட்டு நிர்வாகத்தையே ஒரு வேலையாகச் செய்யக் கூடாது. மேனேஜர் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃப்ரீமான்ட்வாசி:
மூவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து கணக்கைத் திருப்பிப் போட்டேன், அண்ணன் சொன்ன 70 சரியாகவே வருகிறது. ஏஜென்ட்டிடம் வரி பில் கேட்டேன், 2023-க்கு உள்ளதை அனுப்பியிருக்கிறார். இரண்டாவது வீடு இப்போது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அக்கா, மேனேஜர்கள் மூன்று பேரிடம் பேசிவிட்டு ஜனவரி விடுமுறையில் ஒரு வாரம் வந்து நேரில் பார்க்கலாம் என்று இருக்கிறேன், சரிதானே?

ஓஹையோ அக்கா:
ஜனவரியில் வராதீர்கள் தம்பி, கூரை முழுக்கப் பனி மூடியிருக்கும், மேலே இருக்கும் ஷிங்கிள் (கூரைத் தகடு) எப்படி இருக்கிறது என்றே தெரியாது. ஏப்ரல் கடைசியில் வாருங்கள், பனி உருகி மழையும் பெய்திருக்கும், பேஸ்மென்ட் சுவரில் ஈரம் ஏறியிருந்தால் கையை வைத்தாலே தெரியும். எந்தத் தெரு பார்த்தாலும் பகலில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். இரண்டுக்கும் நான் கூட வருகிறேன்.