தன் ஆளை விட்டு உதவிக்கு ஓடுவது: ஆடியவர்கள் சொல்லுங்கள்

ஏற்காட்டு பி.டி. சார்

எங்கள் பள்ளியில் படித்து, அமெரிக்காவில் கல்லூரி முடித்த பையன் ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு கட்டு லக்ரோஸ் மட்டையும் ஹெல்மெட்டும் கொடுத்துவிட்டுப் போனார். நுனியில் வலை கட்டிய கம்பு. கெட்டியான ரப்பர் பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓடி, 6 அடிக்கு 6 அடி கோலுக்குள் வீச வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த முடிவு எடுத்த கூட்டம் 2023 அக்டோபரில் நம் மும்பையில்தான் நடந்தது. இதைச் சொன்னதும் பையன்களுக்கு ஒரே உற்சாகம்.

வீசுவது, பிடிப்பது எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. தடுப்பாட்டம்தான் இழுக்கிறது. அணிக்குப் 10 பேர் ஆட்டத்தில், கோல் காப்பவரையும் மறுபாதியில் நிற்பவர்களையும் தவிர்த்துப் பார்த்தால் 6 பேரை 6 பேர் தடுக்கிறோம். பந்து வைத்திருப்பவன் தன்னைக் காப்பவனைத் தாண்டிவிட்டால் இன்னொருவன் தன் ஆளை விட்டுவிட்டு ஓடி வந்து மறிக்க வேண்டும். இதுதான் ஸ்லைடு. பெரும்பாலும் கோலுக்கு முன்னால் நிற்பவன் போவான், அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் தூரம் குறைவு. ஆனால் அவன் விட்டுவிட்டு வந்த ஆள் கோலுக்கு எதிரே சும்மா நிற்பானே? அவனை மூன்றாமவன் வந்து எடுக்க வேண்டும்.

முதல் ஓட்டம் எங்கள் பையன்களுக்கு உடனே வந்தது, பார்க்க வீரமாக இருக்கிறது அல்லவா! மூன்றாமவன்தான் வருவதே இல்லை. நின்று வேடிக்கை பார்க்கிறான், கோல் அந்த ஓட்டையில்தான் விழுகிறது. இதில் மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கினால் எதிர்க்கோடியில் நிற்பவன் கண்ணுக்கே தெரியமாட்டான். கபடி, கூடைப்பந்து ஆடியவர்கள் இதை எப்படிப் பழகினீர்கள்?

வாழப்பாடி லெஃப்ட் கார்னர்

சார், கபடியில் இதுதான் முழு ஆட்டமும். பாடி வரும் ரெய்டரின் கணுக்காலை ஓரத்தில் நிற்கும் கார்னர் நான் பிடித்தால், என் பக்கத்தில் உள்ளே தள்ளி நிற்கும் கவர் வந்து இடுப்பில் விழுந்தாக வேண்டும். துள்ளுகிற ஒற்றைக் காலை எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும்?

ஆனால் எங்களிடம் உதவிக்கு விலை உண்டு. ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர், உதவிக்கு வந்து தொட்டவர் எல்லோருமே அவுட். பொங்கல் சமயம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு ராத்திரி ஆட்டம். எங்கள் ரெய்டர் ஒல்லிப் பையன், எதிர் அணியின் கார்னர் அவன் தொடையை நன்றாகவே பிடித்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆர்வக்கோளாறில் இன்னும் 4 பேர் வந்து முதுகில் விழுந்தார்கள். அந்த வேகமே அவனை முன்னால் தள்ளிவிட, விரல் நுனி கோட்டைத் தொட்டது. 5 புள்ளி எங்களுக்கு. பிடித்த கார்னர் நண்பர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எங்கள் கோச் சொல்வது இதுதான்: கார்னர் பிடித்தால் அந்தப் பக்கத்துக் கவர் மட்டும் தொடலாம். மற்றவர்கள் ரெய்டருக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவில் வழியை அடைத்து நிற்க வேண்டும், தேவைப்பட்டால்தான் கை வைக்க வேண்டும். இன்னொன்று. களத்தில் 3 பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. 7 பேர் இருக்கும்போது சொதப்புகிற அணிகள் அப்போது அழகாகப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். யார் போவது என்ற குழப்பமே இல்லையே.

காந்தி ஸ்டேடியம் பழைய ஆள்

நான் பத்து வருடத்துக்கு மேல் கூடைப்பந்து ஆடியவள். உங்கள் மூன்றாமவன் மேல் பழி போடாதீர்கள் சார். முதலாமவனைப் பாருங்கள். எதிராளியை அவன் எந்தப் பக்கம் தள்ளுகிறான்? ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது என்று திறந்துவிட்டால் உதவிக்கு வருகிறவளுக்கே எங்கே போவது என்று தெரியாது. அவளுக்குப் பின்னால் வருகிறவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் அணியில் நடுப்பக்கம் விடவே கூடாது, கூடைக்குப் பின்னால் இருக்கும் எண்ட்லைன் பக்கம்தான் ஒதுக்க வேண்டும். அப்போது எதிர்ப்பக்கம் நிற்பவள் தன் ஆளிடமிருந்து விலகி, கூடைக்கு அருகே முன்கூட்டியே ஒரு காலை வைத்திருப்பாள். ஓட வேண்டிய தூரமே பாதியாகிவிடும்.

அப்புறம் குரல். பேசாத பொண்ணு எவ்வளவு வேகமாக இருந்தாலும் எங்கள் கோச் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்.

அடிவாரம் டீக்கடை

மூட்டத்தில் கெட்டிப் பந்தா? வேண்டாம் சாமி. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் டிரைவர் எப்போது ஹாரன் அடிக்கிறார் என்று பையன்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். வளைவுக்குள் போன பிறகா அடிக்கிறார்?

அஸ்தம்பட்டி அப்பா

என் மகள் டொரண்டோவில் லக்ரோஸ் ஆடுகிறாள். கனடாவில் அது சட்டப்படியே கோடைக்கால தேசிய விளையாட்டு. உங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளும் ஆடினால் ஒரு எச்சரிக்கை. அவர்கள் விதி வேறு. உடம்பால் மோதி மறிக்க முடியாது. கோலுக்கு முன்னால் இருக்கும் 8 மீட்டர் வளைவுக்குள், தன் ஆளை மட்டை எட்டும் தூரத்தில் காக்காமல் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. வீசத் தயாராக இருப்பவளுக்கும் கோலுக்கும் நடுவில் யாரையும் காக்காமல் வந்து நின்றாலும் ஃபவுல். பந்து முகத்தில் படக் கூடாதே என்பதற்காகத்தான் இந்த விதி. அதனால் பெண்கள் ஆட்டத்தில் உதவி பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்ப வேண்டியிருக்கிறது. பையன்களுக்குச் சொல்லித் தருவதை அப்படியே தந்துவிடாதீர்கள்.

ஏற்காட்டு பி.டி. சார்

எல்லோருக்கும் நன்றி. மூட்டம் இறங்கினால் இப்போது பந்தை வாங்கி வைத்துவிடுகிறேன், வெறும் நகர்வு மட்டும்தான். கோல் காப்பவன் பந்து எங்கே இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கத்துவான். உடனே ஒருவன் ‘நான் போறேன்’, இன்னொருவன் ‘ரெண்டு நான்’ என்று சொல்லியாக வேண்டும். குரல் வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அக்கா சொன்னபடி ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கச் சொன்னதும் மூன்றாமவன் வர ஆரம்பித்துவிட்டான். இப்போது வேறு சிக்கல். முதலில் ஏமாந்தவன் விடாமல் பந்தையே துரத்துகிறான். ஒரே ஆளிடம் இரண்டு பேர், வேறொருவன் காவலே இல்லாமல் நிற்கிறான்.

அஸ்தம்பட்டி அப்பா

மகளிடம் போனில் கேட்டேன். ஸ்லைடு வந்துவிட்டால் ஏமாந்தவன் பந்தை மறந்துவிட வேண்டுமாம். நேராகக் கோல் முன்னால் இறங்கி, அங்கிருந்து திரும்பிப் பார்த்து, யாரும் காக்காத ஆளை எடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் பந்துக்கு மிகத் தள்ளி, எதிர்ப்பக்கத்தில்தான் இருப்பானாம்.

வாழப்பாடி லெஃப்ட் கார்னர்

ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறேன் சார். ஒரு மட்டை எடுத்து வையுங்கள்.