மாலைதீவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன்: பேச்சுத் துணைக்கு யார் இருப்பார்கள்?

கரைச்சிக்காரி (கேள்வி)

வணக்கம். நான் கிளிநொச்சியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஐந்து ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். மாலைதீவில், தலைநகர் மாலேயிலிருந்து வெகு தெற்கே உள்ள ஒரு சிறிய தீவுப் பாடசாலையில் சேருவதற்கு ஒப்பந்தம் வந்துள்ளது. சம்பளம், வீசா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு ஆகியவற்றை விசாரிப்பதற்கு எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இங்கே கேட்க வந்தது வேறு. பாடசாலை விட்ட பின் இரவு வரையுள்ள நேரத்தை அங்கே எப்படிக் கழிப்பீர்கள், யாரோடு பேசுவீர்கள்?

எங்கள் வீட்டுக் குசினியில் எந்நேரமும் நான்கு பேருடைய பேச்சாவது கேட்டுக்கொண்டிருக்கும். இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்திற்கூட நான் தனியாக இருந்ததில்லை. அத்தீவில் இன்னொரு இலங்கை ஆசிரியை இருக்கிறார் என்றும் அவர் சிங்களவர் என்றும் முகவர் சொன்னார். என்னுடைய சிங்களமோ பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லும் அளவுக்குத்தான் உள்ளது. வெளிநாட்டில் கற்பித்த எவராவது உண்மையைச் சொல்லுங்கள்.

நந்திக்கடல்

தங்கச்சி, நான் முல்லைத்தீவைச் சேர்ந்தவள். 2016 முதல் 2019 வரை மாலைதீவின் வடக்குத் தீவு ஒன்றில் கற்பித்தேன். அந்த நாட்டில் ஏறத்தாழ 1200 தீவுகள் இருந்தாலும் ஊர்மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவானவையே. நான் இருந்த தீவை மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். முதல் இரவு நித்திரை வராமல், ஏதோ ஒன்று குறைகிறதே என்று யோசித்தபடி படுத்திருந்தேன். நாய் குரைக்கும் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது விடியும் நேரத்தில்தான் உறைத்தது. அந்த நாட்டில் நாய் வளர்க்க அனுமதியில்லை.

வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பாடசாலை தொடங்கும். பின்னேரங்களில் ஊரே கடற்கரைக்கு வந்துவிடும். மரநிழலில் கயிற்றால் பின்னிய வலை இருக்கைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அவற்றை ஜோலி என்பார்கள். அவற்றில் ஒன்றில் போய் அமர்வதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவர்களாக வந்து அழைப்பார்கள் என்று நான் அறையில் காத்திருந்தேன். ஆசிரியைக்கு ஓய்வு தேவை என்று அவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு ஆச்சியின் முற்றத்தில் முருங்கை மரத்தைக் கண்டேன். அவர்களும் அதை முரங்கா என்றே சொல்கிறார்கள். என் மாணவியான அவருடைய பேத்தியை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு, அந்த இலையில் வறை செய்வது எப்படி என்று அவருடைய குசினியிலேயே காட்டினேன். ஆச்சி அதைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவித்த சூரை மீனை உதிர்த்து அதற்குள் போட்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக் காலைச் சாப்பாடு எனக்கு அந்த வீட்டில்தான். மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்த மஸ்ஹுனியும் ரொட்டியும் தருவார்கள். எங்கள் சம்பலுக்கு அது நெருங்கிய சொந்தம்.

இனி அந்தச் சிங்கள ஆசிரியை பற்றி. என்னுடைய தீவிலும் ஒருவர் இருந்தார், குருநாகல் பக்கத்தவர். முதல் ஒரு மாதம் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். ஒருமுறை கடல் கொந்தளித்து, மாலேயிலிருந்து சாமான் கொண்டு வரும் படகு ஐந்து நாட்கள் வரவில்லை. கடைகளில் காய்கறி முடிந்துவிட்டது. அன்று மாலை அவர் என் கதவைத் தட்டி, தன்னிடம் பருப்பு இருக்கிறது என்றும் என்னிடம் தேங்காய் இருக்கிறதா என்றும் கேட்டார். அந்த வருடத் தைப்பொங்கலை அவருடைய மின்சாரச் சோற்றுப் பானையிலே பொங்கினோம். பால் பொங்கியதும் நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்; மேசையில் வழிந்த பால் அவர் திருத்தி வைத்திருந்த விடைத்தாள்கள் வரை ஓடிவிட்டது. இருவரும் இரவு முழுக்க அந்தத் தாள்களை மின்விசிறிக்குக் கீழே பரப்பி உலர்த்தினோம்.

மாலைதீவு மக்கள் பேசும் திவேஹி மொழி சிங்களத்துக்கு உறவானது என்பதால் அவருக்கு அது எளிதில் வந்தது. அவர்கள் எண்ணும் எகே, தேய், தினே, ஹதரே, ஃபஹே என்பதையும் சிங்களத்தின் எக்க, தெக்க, துன, ஹதர, பஹ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரிடம் சிங்களம் படிக்கப் போய் நான் இரண்டு மொழிகளையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டேன். தன்னுடைய தம்பி இராணுவத்தில் இருந்தவர் என்பதை எட்டு மாதம் கழித்தே அவர் சொன்னார். 2009 இல் நான் எங்கே இருந்தேன் என்பதை அதற்கும் பிறகுதான் நான் சொன்னேன். அதைப் பற்றி அதன்பின் நாங்கள் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் யாராவது ஒருவர் மற்றவருக்கு அழைக்கிறோம்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர அந்த நாட்டுச் சட்டம் இடமளிக்காது. வகுப்பில் மதம் பற்றிப் பேச்செடுக்கவும் வேண்டாம்.

மாங்குளத்தான்

நந்திக்கடல் அக்காவுக்குக் கிடைத்தது போல சொந்த நாட்டவர் ஒருவர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நான் தாய்லாந்தின் வடகிழக்கில், இசான் என்று சொல்லப்படும் பகுதியில் நான்கு ஆண்டுகள் கற்பித்தேன். சுற்றுவட்டாரத்தில் இலங்கையர் எவரும் இருக்கவில்லை. முதலில் அது பெரிய குறையாக இருந்தது. பின்னர், நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தேன். ஊர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால் நான் அவரோடேயே ஒட்டிக்கொண்டிருப்பேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரர் என்ற எண்ணம் பெற்றோரிடம் வலுவாக இருக்கிறது. ஒரு தாய் என் முன்னாலேயே அதிபரிடம், உண்மையான ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டார். அதே வேலைக்கு என்னைவிடக் கூடிய சம்பளம் பெற்றவர்களும் அங்கிருந்தார்கள். பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களுக்கும் இதே மனக்குறை இருந்தது; அதுவே எங்களை ஒன்றுசேர்த்தது. ஞாயிறுகளில் ஒன்றாகச் சமைப்போம், பாடக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வோம். ஆனால் எல்லோருடைய ஒப்பந்தமும் வருடத்துக்கு வருடம் என்பதால், பங்குனி மாதம் வந்தால் யாரையாவது பஸ் நிலையத்தில் வழியனுப்ப வேண்டியிருக்கும். அது எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

தாய்லாந்துக்காரர்கள் ஆசிரியரைக் குரு என்றே அழைக்கிறார்கள். பாடசாலை தொடங்கிய சில வாரங்களில், வழமையாக ஒரு வியாழக்கிழமையில், ஆசிரியர்களை வணங்கும் விழா நடக்கும். பிள்ளைகள் முழங்காலில் வந்து பூத்தட்டைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தட்டில் வெட்சிப் பூவும் அறுகம்புல்லும் இருந்தன. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டு வந்த எனக்கு, அங்கே ஒருவன் என் கையில் அறுகம்புல் தருவான் என்பது கனவிலும் தோன்றியதில்லை. என்னை உண்மையான ஆசிரியர் அல்ல என்று சொன்ன அந்தத் தாயின் மகன்தான் அதைத் தந்தான்.

நட்புக்கு வழி கேட்டால், அழைக்கும் இடத்துக்கெல்லாம் போங்கள் என்பேன். நான் கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போனேன். புளித்த மீன்சாறு ஊற்றி இடித்த பப்பாசிக்காய்ச் சம்பலை மூக்கைப் பிடிக்காமல் சாப்பிட்டேன். கருவாட்டோடு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல. அங்கேயும், சந்தித்தவுடன் சோறு சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள்.

புதுக்குடியிருப்பு

போகும் இடத்து நட்பைப் பற்றி இருவரும் எழுதிவிட்டார்கள்; விட்டுப்போகும் நட்பைப் பற்றியும் யோசியுங்கள். நான் மூன்று ஆண்டுகள் மாலைதீவில் இருந்தேன். நேர வித்தியாசம் அரை மணித்தியாலம்தான். ஆனாலும் தோழிகளின் அழைப்புகள் முதல் வருடம் நாளாந்தமும், இரண்டாம் வருடம் பிறந்தநாளுக்கும் என்று குறைந்தன. மூன்றாம் வருடம் வந்த அழைப்புகளில் பாதி கடன் கேட்டு வந்தவை. நான் சிலருக்குக் கொடுத்தேன், சிலருக்குக் கொடுக்கவில்லை. இரு தரப்பாரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. சம்பளத் தொகையை ஊரில் எவருக்கும் சொல்ல வேண்டாம், அம்மாவுக்குக்கூட.

கரைச்சிக்காரி

எல்லோருக்கும் நன்றி. புதுக்குடியிருப்பு அவர்களே, அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்; ஆகையால் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். நந்திக்கடல் அக்கா, அந்த ஆசிரியையின் தொலைபேசி இலக்கத்தை முகவரிடம் வாங்கி நேற்று வட்ஸ்அப்பில் ஒரு வணக்கம் அனுப்பினேன். அவர் தன் அறை யன்னலால் தெரியும் கடலைப் படமெடுத்து அனுப்பி, வரும்போது கறித்தூள் கொண்டு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வேறு என்ன கொண்டு போகலாம்?

நந்திக்கடல்

கறித்தூளை வீட்டில் வறுத்து இடித்து, இரட்டைப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். என்னுடையது பயணப்பெட்டிக்குள் வெடித்து, மூன்று மாதம் என் சேலைகளில் மணத்தது. பனங்கட்டி, குத்தரிசி, வறுத்த கச்சான் ஆகியவற்றை இடமிருக்கும் அளவுக்கு எடுங்கள். அம்மா மாசிக் கருவாட்டையும் எடுத்து வைத்தால், அதை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். அது அங்கிருந்துதான் இங்கே வருகிறது.