ஜெர்மானிய ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம்?

அம்பத்தூர் உற்பத்தியாளர்:
எங்கள் இயந்திர பாகங்களை வாங்கவிருக்கும் ஜெர்மானிய நிறுவனம், தன் நாட்டுச் சட்டமே பொருந்தும் என்றும் வழக்குகளை அங்குள்ள நீதிமன்றமே விசாரிக்கும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கையெழுத்திடலாமா?

வழக்கறிஞர், சென்னை:
அவசரப்பட வேண்டாம், ஐயா. பன்னாட்டுச் சரக்கு விற்பனை குறித்த 1980ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆனால் ஜெர்மனி சேர்ந்திருப்பதால், ஜெர்மானியச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, அந்த உடன்படிக்கையை விலக்கி எழுதாமல் விட்டால், அதுவும் உங்களைக் கட்டுப்படுத்தும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். நீதிமன்றத்துக்குப் பதிலாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தை வலியுறுத்துங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பது குறித்த 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால், நடுவர் தீர்ப்பை இரண்டு இடங்களிலும் நிறைவேற்றக் கோரலாம்.

கிண்டி ஏற்றுமதியாளர்:
நடுவர் மன்றத்தின் இருப்பிடத்தையும் மொழியையும் சேர்த்தே எழுதுங்கள். நாங்கள் சிங்கப்பூரையும் ஆங்கிலத்தையும் கேட்டோம்; வாங்குபவர் மறுக்கவில்லை.

அம்பத்தூர் உற்பத்தியாளர்:
மிக்க நன்றி. திருத்தம் கோரி நாளையே எழுதுகிறேன்.